உச்சரிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள்

பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு பருவமும் முடிகிற நேரத்தில் மாணவர்களிடம் 'ஃபீட்பேக்' வாங்குவது வழக்கம். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பாடத்திட்டத்தை முடித்தாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அந்த வரிசையில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். நான் கணிதம் நடத்துகிறவள். துறைப் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், எங்கள் ஆசிரியர்கள் எல்லாருக்கும் வருகிற படிவங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடியில் கருத்து எழுத விட்டிருக்கும் இடத்தில் மாணவர்கள் மனம்விட்டு எழுதுகிறார்கள். "சார் நாலெட்ஜ் சூப்பர், ஆனா இங்கிலீஷ் லோக்கல்." "மேம் ஸ்லாங்கு காமெடியா இருக்கு." "மலையாளத்துலயே இங்கிலீஷ் பேசுறார்." இப்படி எழுதிய அதே தாளில் இரண்டு வரி மேலே போய்ப் பார்த்தால், 'பாடம் புரிகிறதா' என்ற கேள்விக்கு அதே பிள்ளை ஐந்துக்கு ஐந்தோ நான்கோ போட்டிருக்கும். பாடம் புரிந்துவிட்டது. புரிய வைத்த பேச்சுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண். ஒருவர் இருவர் என்றால் விட்டுவிடலாம். கட்டுக்கட்டாக இப்படித்தான் வருகிறது.

இந்த முரண்பாட்டை ஆய்வாளர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். கனடாவைச் சேர்ந்த மர்ரே மன்றோ, ட்ரேசி டெர்விங் இருவரும் 1995இல் ஒரு சோதனை செய்தார்கள். சீன மொழி பேசுகிறவர்களின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களுக்குப் போட்டுக்காட்டி, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். எவ்வளவு புரிந்தது, உச்சரிப்பு எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரு சொல் விடாமல் சரியாக எழுதிய வாக்கியங்களுக்கே பலர் 'உச்சரிப்பு மிகவும் அந்நியம்' என்று குறித்தார்கள். உச்சரிப்பு வேறாகக் கேட்பது ஒன்று, பேச்சு புரியாமல் போவது இன்னொன்று. நம் படிவம் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு அடைக்கிறது. அந்தக் கட்டத்தில் விழும் எண் ஆசிரியரின் கோப்பில் ஏறி, ஊதிய உயர்வுக்கும் பணி நீட்டிப்புக்கும் பேசுகிறது.

எங்கள் துறையில் வேலை பார்ப்பவர்கள் சங்கரன்கோவில், அருப்புக்கோட்டை, முதுகுளத்தூர், திருக்கோவிலூர் பக்கத்துக்காரர்கள். ஒருவர் பாலக்காடு, ஒருவர் நெல்லூர். தமிழ்நாட்டுக்காரர்களில் பாதிப்பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கைத் தமிழிலேயே படித்தவர்கள். கல்லூரி வாசலில் கால் வைத்த பிறகுதான் அணி 'மேட்ரிக்ஸ்' ஆனது, வகைக்கெழு 'டெரிவேடிவ்' ஆனது. அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'எம்' என்ற எழுத்து 'யெம்' என்று வரும். 'ஃபங்க்ஷன்' என்பது 'பங்க்ஷன்' ஆகும். 'புக்'கும் 'போர்ட்'டும் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு 'புக்கு', 'போர்டு' ஆகும். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. குற்றியலுகரத்தில் பழகிய நாக்கு, பழகிய வழியில் போகிறது. இதில் சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை.

போன ஆண்டு ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் நடத்திக்கொண்டிருக்கும்போது 'யூலர்' என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சார், ஆய்லர்." திருத்தியதில் தவறே இல்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்தவரின் பெயரை அவர் ஊரில் சொல்வதுபோலச் சொல்வதுதான் முறை. ஆசிரியரும் "தேங்க்ஸ்பா" என்று சொல்லிவிட்டுப் பலகையில் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே தமிழிலும் 'ஆய்லர்' என்று எழுதிவிட்டு மேலே நடத்தினார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவருக்கே 'யூலர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுதியில் அவரைப்போலப் பேசிக்காட்டுவது, வாட்ஸ்அப்பில் போடுவது, கல்லூரி விழா மேடையில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்குவது என்று அது வளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பி.பி.டி.யைப் போட்டுவிட்டு வரிகளைச் சுட்டிக்காட்டிப் போய்விடுவார். முன்பெல்லாம் ஒரு கணக்குக்கு மூன்று வழி காட்டுகிற மனிதர் அவர். யாருக்கு நட்டம்?

இதே மாணவர்கள் யூடியூபில் எம்.ஐ.டி.யின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளைப் பார்க்கிறார்கள். நானே பார்க்கச் சொல்கிறேன். அருமையான ஆசிரியர் அவர். ஒரு மாணவியிடம், "அவர் பேசுறது புரியுதாம்மா?" என்று கேட்டேன். "முதல்ல புரியல மேம். சப்டைட்டில் போட்டேன். சில இடத்துல பேக் போய் மறுபடி கேட்டேன். ரெண்டு மூணு வீடியோ பாத்ததும் செட் ஆயிடுச்சு" என்றாள். வெள்ளைக்கார ஆசிரியர் பேசுவது புரியாவிட்டால், 'எனக்குப் பழக்கம் இல்லை, நான்தான் இன்னும் கவனிக்க வேண்டும்' என்று நினைக்கிறோம். அருப்புக்கோட்டை ஆசிரியர் பேசுவதில் ஒரு சொல் இடறினால், 'இவருக்கு இங்கிலீஷ் வராது' என்கிறோம். அமெரிக்க உச்சரிப்பும் நமக்கு வேற்று உச்சரிப்புதான். அதற்குக் காது கொடுத்து உழைக்கிறோம். நம்மவருக்கு அந்த உழைப்பைத் தர மறுக்கிறோம். நான் சொல்ல வந்தது இதுதான். புரிதலில் பாதி கேட்பவர் கையில் இருக்கிறது. அந்தப் பாதியை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறோம் என்பதில் தெரிவது நம் மனதின் கோணல்.

அந்த உழைப்பும் மலையளவு கிடையாது. கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் என்ற ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய, சீன உச்சரிப்போடு பேசப்பட்ட ஆங்கில வாக்கியங்களைக் கேட்டவர்களுக்கு முதலில் தடுமாற்றம் இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் காது பழக ஆரம்பித்துவிட்டது. ஐம்பது நிமிட வகுப்பில் ஒரு நிமிடம்!

காது மட்டுமே தீர்ப்புச் சொல்வதுமில்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1992இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் செய்த சோதனை. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் குரலில் விரிவுரை பதிவு செய்யப்பட்டது. அதை 62 இளநிலை மாணவர்களுக்குப் போட்டார்கள். கேட்கும்போது பேசுபவர் என்று ஒரு படத்தையும் காட்டினார்கள். சிலருக்கு வெள்ளை இனப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஒலித்தது ஒரே குரல்தான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலில் அந்நிய உச்சரிப்பு கேட்டது. எவ்வளவு புரிந்தது என்று சோதித்தபோது அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணும் குறைந்தது. இல்லாத உச்சரிப்பைக் கண் கேட்டிருக்கிறது. நம் வகுப்பில் ஆசிய முகம், வெள்ளை முகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் சட்டையும் செருப்பும் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர் என்ற செய்தி முதல் வாரத்திலேயே பரவிவிடுகிறது. சாதியை மோப்பம் பிடிக்கிற மூக்கும் நம்மிடம் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து நம் காதில் என்ன செய்கின்றன என்பதை யாராவது இங்கே அளந்து பார்க்க வேண்டும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு வழிகாட்டுவதே நிர்வாகங்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு வெளிநிபுணராக அழைத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் 'டெமோ கிளாஸ்'. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி, முனைவர் பட்டம் முடித்தவர். அணியின் 'ரேங்க்' என்றால் என்ன என்பதை நடத்தச் சொன்னோம். வரையறையைச் சொல்லாமலேயே ஆரம்பித்தார். பலகையில் மூன்று சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்றாவது, முதலிரண்டின் கூட்டல். அதைச் சொல்லாமல் எங்களைப் பார்த்துத் திரும்பி, "தேர்ட் ஈக்வேஷன், யெனி நியூ இன்பர்மேஷன்?" என்று கேட்டார். சற்று நேரம் பேசாமல் காத்திருந்தார். பிறகு மூன்றாவது வரியிலிருந்து மேல் இரண்டையும் கழித்துக்காட்டினார். எல்லாம் பூச்சியம். "சோ, ஒன்லி டூ பெர்சன்ஸ் ஆர் டாக்கிங். ரேங்க் இஸ் டூ" என்றார். எத்தனை சமன்பாடுகள் புதிதாக ஏதாவது சொல்கின்றனவோ அதுதான் ரேங்க் என்பது அங்கே உட்கார்ந்திருந்த நிர்வாக அலுவலர்களுக்கும் புரிந்தது. அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அப்புறம் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவர் 'எம்.டி.ஐ. ஹெவி' என்று எழுதியிருந்தார். மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ், அதாவது தாய்மொழியின் சாயல். கால் சென்டர் பயிற்சியில் புழங்குகிற சொல் அது. அயல்நாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசுகிறவருக்காக வைத்த அளவை, சென்னைக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்த வந்தவர் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். நான் வாதாடினேன். "பேரண்ட்ஸ் கேக்குறாங்க மேடம், ஸ்டூடண்ட்ஸ் ஃபீட்பேக்ல அடிவாங்கும்" என்றார்கள். வேலை இன்னொருவருக்குப் போனது. அவரும் தகுதி உள்ளவர்தான், நல்ல ஆங்கிலம். வரையறையைத் திரையில் போட்டுப் படித்துக்காட்டினார்.

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களே வியந்தார்கள் என்று பெருமையோடு சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஓர் அபூர்வ மனிதரின் ஆற்றல் எல்லாருக்குமான நுழைவுச்சீட்டாக ஆகிவிட்டால், கான்வென்ட்டில் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே ஆசிரியர் மேடையில் நிற்க முடியும். கணக்கு நன்றாகத் தெரிந்தவரும் நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்தவரும் வெளியே நிற்பார்கள்.

எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளுக்கு யாருடைய ஆங்கிலம் எளிது? டெஸ்ஸா பென்ட், ஆன் பிராட்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குத் தங்கள் மொழிக்காரர் பேசும் தேர்ந்த ஆங்கிலம், ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் பேசுவதற்கு இணையாகவே புரிகிறது என்று காட்டியது. என் அனுபவமும் அதுதான். முதல் பருவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சந்தேகம் கேட்கத் தேடிப் போவது முதுகுளத்தூர்க்காரரைத்தான். அவர் பேச்சில் ஒவ்வோர் அசையும் தனித்தனியாக விழுகிறது. எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய காதுக்கு அது உதவியாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் படிவத்தில் கருத்து எதுவும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களின் குரலே வகுப்பின் குரலாகிவிடுகிறது.

புரியவில்லை என்று மாணவர் சொல்வதெல்லாம் ஏளனம் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே புரியாதபடி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பலகையைப் பார்த்துப் பேசி வாக்கியத்தைப் பாதியில் விழுங்குகிறவர், மூச்சுவிடாமல் ஓடுகிறவர், கடைசி பெஞ்சுக்குக் குரல் போகாதவர். கான்வென்ட் ஆங்கிலம் பேசுகிறவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. உச்சரிப்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஆர்.கே. பன்சால் இந்தியர் பேசும் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்பதை அளந்து எழுதிய நூல் 1969இல் ஹைதராபாத்திலிருந்து வெளிவந்தது. சொல்லில் அழுத்தம் இடம் மாறி விழுவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் காட்டினார். 'டெவலப்மென்ட்' என்ற சொல்லில் இரண்டாவது அசையில் விழ வேண்டிய அழுத்தத்தை நாம் முதல் அசையில் வைத்துவிடுகிறோம். இதைக் கற்றுக்கொள்ள முடியும், கற்றுக்கொடுக்கவும் முடியும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைப்பதாக இருந்தால் இதற்கு வையுங்கள். புதுச் சொல் வரும்போது பலகையில் எழுதுவது, முக்கியமான வரியை இரண்டு விதமாகச் சொல்வது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது ஆகியவற்றுக்கு வையுங்கள். ஊர் மணத்தைக் கழுவுவதற்காக வைக்காதீர்கள்.

"சார் மாதிரி பேசினா கேம்பஸ்ல எடுப்பாங்களா மேம்?" என்று ஒரு மாணவன் நேராகவே கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டான். அவன் அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். நேர்முகத் தேர்வில் 'எம்.டி.ஐ.' என்று தன் பெயருக்கு நேராகவும் யாரோ எழுதுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். மொழி ஆய்வகமும் பேச்சுப் பயிற்சி வகுப்பும் அதற்குத்தான் இருக்கின்றன, அவை ஒழுங்காக நடக்கட்டும். கணக்கு வகுப்பில் அவனுக்குக் கிடைக்க வேண்டியது கணக்கு. அவன் வேலைக்குப் போனால் ஹைதராபாத்காரர், கொரியர், ஜெர்மானியர், பீகார்க்காரர் என்று பலவிதமான ஆங்கிலத்தைக் கேட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். எல்லா ஆங்கிலத்தையும் பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொள்கிறவனையே உடன் வேலை செய்பவர்கள் விரும்புவார்கள். அந்தப் பழக்கத்துக்கு எங்கள் துறையைவிட நல்ல இடம் அவனுக்குக் கிடைக்காது என்று அவனிடமே சொன்னேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2010 முதல் 2016 வரை சேர்ந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் மதிப்பீடுகளை அலசி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. ஆங்கிலம் பேசும் பின்னணி இல்லாத ஆசிரியர்களுக்கும் பெண்களுக்கும் பல துறைகளில் மதிப்பெண் குறைந்து விழுவதை அது காட்டியது. அங்கே அதைப் பற்றிப் பேசவாவது செய்கிறார்கள். அமெரிக்காவில் 1980களில் பல மாநிலங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கச் சட்டம் போட்டன. பென்சில்வேனியாவில் 1990இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. நம்மிடம் சட்டம் எதுவும் இல்லை. ஒரு படிவத்தின் ஒரு வரியே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

'நாக்' தரமதிப்பீட்டுக்காக மாணவர் கருத்து தேவை என்பது எனக்குத் தெரியும். அவர்களின் கணக்கெடுப்பிலும் ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாக எடுத்துச் சொன்னார்கள் என்றொரு கேள்வி உண்டு. கேட்கட்டும். ஆனால் கல்லூரி தானே தயாரிக்கும் படிவத்தில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்ற மொட்டைக் கேள்வியை வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டதா, வேகம் சரியாக இருந்ததா, புதுச் சொற்களைப் பலகையில் எழுதினாரா, புரியவில்லை என்றபோது வேறு விதமாகச் சொன்னாரா என்று கேளுங்கள். மாணவரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிற கேள்விகள் இவை. ஆசிரியரால் திருத்திக்கொள்ள முடிகிறவையும் இவைதாம். பிறந்த ஊரை யாராலும் திருத்திக்கொள்ள முடியாது. டெமோ கிளாஸ் நடக்கும் அறையில் பாடம் தெரிந்தவர்களின் மதிப்பெண்ணுக்கே எடை கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்கு வந்து ஆசிரியரைப்போலப் பேசிக்காட்டினால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். அவர் இன்று என்ன நடத்தினார் என்று கேளுங்கள்.

நிர்வாகங்களுக்கு நான் சொல்வது ஒன்றே. இந்தப் பருவத்தின் படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.